என் காலுக்குள் ஸ்படிக மாலை இல்லை என்பது குறித்து

அனுப்புநர்:
சூடாமணி,
வீணை ஆசிரியை,
எண் 18, முதல் மாடி,
சீதாபதி குறுக்குத் தெரு,
மந்தைவெளி, சென்னை.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
கருணைவனம் அறக்கட்டளை மருத்துவமனை,
அடையாறு, சென்னை.

பொருள்: என் இடது காலில் ஸ்படிக மாலை வைத்துத் தைக்கப்பட்டதாக என் சார்பில் தரப்பட்ட புகார்களை முடித்துவைக்கவும், அதன் விளைவாக நிறுத்தப்பட்டுள்ள கரையும் மருந்து மணிகளை மீண்டும் அனுமதிக்கவும், திருமதி அஸ்மத்துன்னிசா அவர்களின் அறுவை சிகிச்சையை வரும் 20-ஆம் தேதி வியாழக்கிழமை அந்த மணிகளுடனேயே நடத்தவும் வேண்டி.

பார்வை:
1. திரு. ஸ்ரீவத்சன் (மேற்கு மாம்பலம்) அளித்த புகார்.
2. அவரே அளித்த கூடுதல் புகார்.
3. மாலையின் விவரம் கேட்டுத் தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

மாலையின் நிறம், நீளம், மணிகளின் எண்ணிக்கை, அது கடைசியாக என் உடலின் எந்தப் பகுதியில் காணப்பட்டது ஆகிய விவரங்களைக் கேட்ட தங்கள் கடிதம் கிடைத்தது. நிறம் வெண்மை. நீளம் கழுத்திலிருந்து நெஞ்சுக்குழி வரை. மணிகள் நூற்றெட்டு, மேருமணி தனி. கடைசியாகக் காணப்பட்ட இடம் என் கழுத்து. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அங்கேதான் இருக்கிறது.

"இரண்டாவது மாலை" பற்றியும் அதே விவரங்களைக் கேட்டிருக்கிறீர்கள். ஐயா, இரண்டாவது மாலை என்று ஒன்று கிடையாது. அது எப்படித் தங்கள் கோப்புக்குள் வந்தது என்பதை நான் விளக்கியாக வேண்டும். நான் தங்கள் மருத்துவமனைமீது குறை சொல்ல வந்தவள் அல்ல. சந்தோஷமாக இருப்பவள். என் பெயரில் நடந்துவிட்ட ஒரு புகார்மீது புகார் செய்யவே வந்திருக்கிறேன். பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

1. கடந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், மந்தைவெளி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது, பின்னால் வந்த இரு சக்கர வாகனம் என்மீது மோதியது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. தங்கள் மருத்துவமனையில் முதல் நாள் காயத்தைக் கழுவித் தற்காலிகமாகக் கட்டினார்கள். வீக்கம் வடிந்த பிறகு தகடு வைக்கும் பெரிய அறுவை சிகிச்சையை மருத்துவர் வர்ஷினி செய்தார். இடைப்பட்ட நாட்களில் பெண்கள் வார்டில் இருந்தேன். என் பக்கத்துக் கட்டிலில் ஆதம்பாக்கத்தைச் சேர்ந்த திருமதி அஸ்மத்துன்னிசா இருந்தார். இந்த மனு உண்மையில் அவருக்காகத்தான். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2. அறுவை சிகிச்சையின்போது முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்தார்கள். ஆகவே லேசான மருந்துக் கலக்கம் இருந்தாலும் நான் விழித்தே இருந்தேன். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. அதற்கு அந்தப் பக்கம் நடப்பது தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும். "மணி ரெடியா?" என்று மருத்துவர் கேட்டார். "இன்னும் இறுகலை மேடம்" என்று யாரோ பதில் சொன்னார்கள். சிறிது நேரம் கழித்து மறுபடியும், "மணி என்னாச்சு?" என்றார். மணி என்பவர் ஓர் உதவியாளர், இன்னும் வந்து சேரவில்லை, அவருக்காகத்தான் என் காலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அந்த மணியின்மீது எனக்குச் சரியான கோபம் வந்தது. "அந்த மணிய வேலைய விட்டே தூக்கணும்" என்று நான் சொல்லியதாகவும், அரங்கமே சிரித்ததாகவும் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் மருத்துவர் என் தலைமாட்டுக்கு வந்து விளக்கினார். எனக்குச் சர்க்கரை உண்டு. முறிந்த எலும்பு தெருமண்ணைத் தொட்டிருக்கிறது. தகட்டை ஒட்டிக் கிருமி குடியேறிவிட்டால் பிறகு விரட்டுவது கடினம். எனவே கால்சியம் சல்பேட் என்ற வெண்பொடியை ஆன்டிபயாட்டிக் மருந்தோடு குழைத்து, அச்சில் தடவி, சிறு மணிகளாக இறுகவைத்து, எலும்புக்குப் பக்கத்திலேயே வைத்துத் தைத்துவிடுவார்களாம். "அங்கயே உக்காந்து மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமா விடும் மேடம். அப்புறம் தானாவே கரைஞ்சுடும். எடுக்கறதுக்குன்னு இன்னொரு ஆபரேஷன் வேண்டாம். ஆனா மணி இருக்குன்னு நாங்க சுத்தம் பண்றதுல அலட்சியமா இருக்க முடியாது, அதுதான் முதல் வேலை" என்றார். ஒரு மணியைக் கையுறை விரலில் வைத்துக் காட்டினார். தம்புராவில் சுருதியைத் துல்லியமாக்கத் தந்திக்கு அடியில் நகர்த்துவோமே, அந்த மணிக்காய் அளவுதான் இருந்தது. வெள்ளை வெளேரென்று அழகாகவே இருந்தது.

இவ்வளவும் எனக்குச் சொல்லப்பட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் அக்காவுக்கும் அக்கா கணவருக்கும் சொல்லப்படவில்லை. நானும் மயக்கக் கலக்கத்தில் மணியின்மீது கோபப்பட்டதை மட்டும் சொல்லிச் சிரித்தேனே தவிர, மணி யார் என்பதைச் சொல்லவில்லை.

3. இனி மாலை. என் அக்கா காசிக்குப் போனபோது வாங்கிவந்த ஸ்படிக மாலை அது. நான் பெரிய ஜபக்காரி அல்ல. ஸ்படிகம் உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்பதால் சென்னை வெயிலுக்காக அணிந்திருப்பவள். அரங்கத்துக்குப் போகுமுன் கழற்றச் சொன்னார்கள். கழற்றி, எங்கள் இரு கட்டில்களுக்கும் பொதுவான சிறு அலமாரியின்மேல் வைத்தேன். திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை. அன்று எனக்கு இருந்த வலியில் மாலையை யார் நினைத்தார்கள்? வார்டை விட்டுக் கிளம்பும் நாளில்தான் அக்கா கழுத்தைப் பார்த்து, "ஸ்படிகம் எங்கேடி?" என்றாள். தேடினோம். கிடைக்கவில்லை. போனது போகட்டும் என்று மேற்கு மாம்பலத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். மாடிப்படி ஏற முடியாததால் அங்கேதான் இருந்தேன்.

4. அங்கே போன சில நாட்களில் தையல் போட்ட இடத்தின் ஓரத்திலிருந்து வெள்ளையாகக் கசியத் தொடங்கியது. தண்ணீர் கலந்த பாலைப் போல இருந்தது. மருத்துவமனை கொடுத்தனுப்பிய தமிழ்க் குறிப்பில், "காயத்திலிருந்து வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வடிந்தால் அது சீழ், உடனே வரவும்" என்று தடித்த எழுத்தில் இருந்தது. அக்கா அழுதே விட்டாள். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். காயக்கட்டு அறையில் கட்டைப் பிரித்த வேம்பு என்ற ஊழியர் நல்ல பெண்மணி, குரல்தான் சற்றுப் பெரியது. "இன்னாம்மா இது, கால்லேர்ந்து பால் ஊத்திக்கினு கீது!" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் இருந்த ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு என் காலைப் பார்த்துக் கும்பிட்டார். நாற்பது பேர் நடுவில் தெய்வமாகிவிடுவது எவ்வளவு சங்கடம் என்பதை அன்று அறிந்தேன்.

மருத்துவர் வர்ஷினி வந்து பார்த்தார். "பயப்படாதீங்க. இது சீழ் இல்ல, மணி கரையுற தண்ணி. காய்ச்சல் இல்ல, சிவப்பு இல்ல, நாத்தம் இல்ல. இருந்தாலும் கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறேன்" என்றார். சோதனையில் கிருமி ஏதும் இல்லை என்று வந்தது. கசிவும் சில வாரங்களில் நின்றுவிட்டது. எனக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் "மணி கரைகிறது" என்ற சொல்லை மருத்துவர் உச்சரித்தபோது, என் பின்னால் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் அத்திம்பேர்.

5. அத்திம்பேர் என்று நான் அழைக்கும் அக்கா கணவர் திரு. ஸ்ரீவத்சன் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். தங்கமான மனிதர். நான் படுத்திருந்த நாட்களில் தினமும் எனக்கு ஃபில்டர் காபி கலந்து கொடுத்தவர். ஆனால் சாக்கடை மூடியிலிருந்து ரயில் நேரம் வரை எதைக் கண்டாலும் மனு எழுதாமல் இருக்க அவரால் முடியாது. அன்று எடுத்த எக்ஸ்ரே படத்தை வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்பை ஒட்டி வட்ட வட்டமாக, பளிச்சென்று, வரிசையாக மணிகள். "இங்க பாரு. உருண்டையா, வெள்ளையா, கோத்த மாதிரி. இது நம்மாத்து ஸ்படிகம் இல்லேன்னா வேற என்னங்கறே?" என்று அக்காவைக் கேட்டார். மாலை காணாமல் போன நாளும் அறுவை சிகிச்சை நாளும் ஒன்று. படத்தில் மணி இருக்கிறது. மருத்துவரே மணி கரைவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தணிக்கைக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

நான் சொன்னேன், ஐயா. அது மருந்து மணி என்று சொன்னேன். "மருந்தை மாத்திரையா குடுப்பா, ஊசியா குடுப்பா. மாலையா குடுப்பாளோ? நீ அப்போ மயக்கத்துல இருந்தே" என்று முடித்துவிட்டார். நான் மயக்கத்தில் மணியைத் திட்டிய கதையை நானே அவரிடம் சொல்லியிருந்ததால், நான் சொன்னது எடுபடவில்லை. அதன்பின் அவர் என்னிடம் கேட்காமலேயே, "நோயாளியின் சார்பில்" என்று தங்களுக்கு முதல் புகாரை அனுப்பினார். அதன் நகல்களை யார் யாருக்கெல்லாம் அனுப்பினார் என்பது தங்களுக்குத் தெரியும். தங்களுக்கு நேர்ந்த தொல்லைக்காக அவர் சார்பில் நான் வருந்துகிறேன். என் சார்பில் அவர் எழுதலாம் என்றால் அவர் சார்பில் நான் வருந்தவும் செய்யலாம் அல்லவா?

6. அக்டோபர் தொடக்கத்தில் மாலை கிடைத்தது. அஸ்மத்துன்னிசா அவர்களின் மகள் ரூஹி, மறுபரிசோதனைக்குத் தாயை அழைத்து வந்தபோது அதை ஒரு வெல்வெட் பையில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நடந்தது இதுதான். என்னை அரங்கத்துக்கு அழைத்துப் போன அதே நாளில் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பொதுவான அலமாரிமேல் இருந்த வெள்ளை மணிகளை, தன் தாய் ஓதும்போது எண்ணும் தஸ்பீஹ் மணி என்று நினைத்து ரூஹி எடுத்துப் போய்விட்டாள். தாயாரின் தஸ்பீஹும் வெள்ளைக் கண்ணாடி மணிதான். அது அவள் கைப்பையிலேயே இருந்திருக்கிறது. தொண்ணூற்றொன்பது மணிகளில் ஓதிப் பழகியவர் நூற்றெட்டு மணிகளில் ஓதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாஜி, ஒவ்வொரு வாட்டியும் ஒம்பது மணி ஜாஸ்தியா வருது. வலில எண்ணிக்கை தப்புதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அல்லாவுக்குத் தினம் ஒம்பது கூடவே குடுத்துக்கினு இருந்திருக்கேன்." நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் ஆறிய காயம் திறந்துவிடும் என்று ரூஹி பயந்தாள். (பாஜி என்றால் உருதுவில் அக்காள் என்று பொருளாம். வார்டில் முதல் நாள் அவர் என்னை அப்படி அழைத்தபோது பஜ்ஜி கேட்கிறார் என்று நினைத்து, அவருக்கு எண்ணெய்ப் பதார்த்தம் கொடுக்கலாமா என்று நர்ஸிடம் விசாரித்தேன்.)

மாலை கிடைத்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அத்திம்பேர் கையில் மாலையைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மணிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நூற்றெட்டும் சரியாக இருந்தன. மாலையை என் கையில் திருப்பித் தந்தார். பிறகு கேட்டார்: "மாலை கெடைச்சுடுத்து, சந்தோஷம். அப்போ இவ கால்ல இருக்கறது யாரோட மாலை?"

தங்கள் கோப்பில் உள்ள இரண்டாவது மாலை அன்று மாலை காபி வேளையில் இப்படித்தான் பிறந்தது. கூடுதல் புகார் மறுநாள் தபாலில் சேர்ந்தது.

7. இதுவரை எழுதியது சிரிப்பதற்கு. இனி எழுதுவது அப்படி அல்ல.

புகார்களைத் தொடர்ந்து தங்கள் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. வார்டு அறிவிப்புப் பலகையில் நானே படித்தேன். "விசாரணை முடிந்து மறு உத்தரவு வரும்வரை மாலை, மணி வகைகள் எதுவும் அறுவை அரங்கினுள் அனுமதிக்கப்படமாட்டா" என்று அதில் இருக்கிறது. நோயாளிகளின் மாலைகளையும் மணிகளையும்தான் தாங்கள் குறிப்பிட்டீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மருந்துக் கிடங்கில் அந்த வெண்பொடிக்குப் பெயர் "மருந்து மணி". பலகையில் மணி என்று கண்டவர்கள் கிடங்கிலும் மணியை நிறுத்திவிட்டார்கள். கேட்டால், "எழுத்துல இருக்கும்மா, நாங்க என்ன பண்றது?" என்கிறார்கள். அவர்கள்மேல் தவறு இல்லை. எழுத்தில் இருக்கத்தான் இருக்கிறது.

மருத்துவர் வர்ஷினி எழுத்துமூலம் கேட்டதாகவும், விசாரணை முடிந்தால்தான் சுற்றறிக்கையைத் திருத்த முடியும் என்று பதில் வந்ததாகவும் அறிகிறேன். விசாரணை எப்போது முடியும் என்று தங்கள் அலுவலகத்தில் நான் கேட்டேன். இரண்டாவது மாலை யாருடையது என்று தெரிந்த பிறகு முடியும் என்றார்கள்.

8. இப்போது அஸ்மத்துன்னிசா. நாற்பத்தாறு வயது. தியாகராய நகர்க் கடைகளுக்கு ரவிக்கைகளில் ஆரி வேலை செய்து கொடுப்பவர். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, தரையில் மடித்து உட்கார்ந்து செய்யும் வேலை அது. நானும் தரையில் மடித்து உட்கார்ந்து பிழைப்பவள் என்பதால் எங்கள் இருவருக்கும் காலைப் பற்றிப் பேச நிறைய இருந்தது. சென்ற ஆண்டு படியில் விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. வேறோர் இடத்தில் கம்பி வைத்தார்கள். அதில் கிருமி சேர்ந்து எலும்புக்குள் இறங்கிவிட்டது. கம்பியை எடுத்த பிறகும் புண் ஆறவில்லை. தங்கள் மருத்துவமனையில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். கிருமிக்கு அது கேட்டது, ஆனால் அவருடைய சிறுநீரகம் அதைத் தாங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவு ஏறத் தொடங்கியதும் மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றுதான் ரூஹி என் மாலையை எடுத்துப் போனது.

கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் கரையும் மணிகளை வைப்பதுதான் அவருக்கு உள்ள வழி என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்படி வைத்தால் மருந்து வேண்டிய இடத்தில் நிறைய இருக்கும், ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, சிறுநீரகத்துக்குப் பாரம் குறையும் என்றார். அக்டோபரில் நாள் குறித்தார்கள். சுற்றறிக்கை வந்தது, நாள் தள்ளிப்போனது. இப்போது வரும் 20-ஆம் தேதி வியாழக்கிழமை என்று மறுபடி குறித்திருக்கிறார்கள். ஆனால் மணி இல்லாமல், நரம்பு மருந்தை மட்டும் நம்பி.

சென்ற வாரம் ஆதம்பாக்கம் போய் அவரைப் பார்த்தேன். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, மடியில் சட்டத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். அப்படி உட்கார்ந்தால் ஊசி நேராக இறங்காது என்று அவரே சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "உங்க வூட்டு ஆளுங்க உங்க மேல ஆசையிலதானே எழுதுனாங்க பாஜி, வுடுங்க" என்றார். அதைக் கேட்டு நான் வெட்கப்பட்டேன், ஐயா. என் அத்திம்பேர் என்மீது வைத்த பாசம் அவருடைய காலின்மேல் விழுந்திருக்கிறது. காலை இழந்துவிடுவோமோ, சிறுநீரகத்தை இழந்துவிடுவோமோ என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ரூஹி மட்டும் வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "மணி வெச்சுடுவாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். வைத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தத் துணிச்சலில்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

9. விசாரணைக்கு உதவியாகச் சில செய்திகளைத் தெரிவிக்கிறேன்.

அக்டோபர் இறுதியில் எனக்கு மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதல் படத்தில் பளிச்சென்று இருந்த மணிகள் இதில் இல்லை. எலும்பும் தகடும் மட்டுமே இருக்கின்றன, முறிவு கூடியிருக்கிறது. இரு படங்களின் நகல்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். ஸ்படிகம் கல் என்பதும், கல் காலுக்குள் கரையாது என்பதும் விசாரணைக் குழுவுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கரைந்தது என்பதே அது மாலை அல்ல என்பதற்குச் சான்று. ஆகவே தாங்கள் தேடும் பொருள் இப்போதும் இல்லை, முன்பு இருந்ததும் இல்லை.

இரு படங்களையும் அத்திம்பேரிடமும் காட்டினேன். ஜன்னலோரம் நெடுநேரம் பார்த்தார். "கரைஞ்சுதான் போயிருக்கு. நான் எழுதினது தப்பு" என்று அவர் ஒப்புக்கொண்டார். மனுவைத் திரும்பப் பெறுமாறு கேட்டேன். கொடுத்த மனுவைத் திரும்பப் பெறும் பழக்கம் தனக்கு இல்லை என்றும், அதற்கு என்ன நடைமுறை என்றே தெரியாது என்றும் சொன்னார். ஆனால் அஸ்மத்துன்னிசா அவர்களின் நிலையை நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அன்று அவர் காபி குடிக்கவில்லை. இந்த மனுவைத் தட்டச்சு செய்து கொடுத்தவர் அவரே. தன்னைப் பற்றி எழுதிய இடங்களில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

10. புகார் மனு என்று எழுதிவிட்டு ஒரு புகாரும் சொல்லாமல் விட்டால் முறையாகாது. எனவே ஒன்று சொல்கிறேன். தங்கள் மருத்துவமனை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தமிழ்க் குறிப்பில் மணிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மணி வைத்தவர்களுக்குச் சில வாரங்கள் வெள்ளையாகக் கசியக்கூடும், அது சீழாக இருக்கவேண்டும் என்பதில்லை, ஆயினும் காய்ச்சலோ சிவப்போ துர்நாற்றமோ இருந்தால் உடனே வரவேண்டும், எதுவானாலும் மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதலாம். எக்ஸ்ரேயில் மணிகள் தெரியும் என்பதையும் எழுதினால், மேற்கு மாம்பலத்தில் யாரும் ஜன்னலோரம் நின்று மாலை எண்ண மாட்டார்கள். இதை நோயாளியிடம் மட்டும் சொல்லாமல் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களிடமும் சொல்லவேண்டும். பயப்படுவது அவர்கள்தான்.

மருத்துவர் வர்ஷினியிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் காலுக்கு அவர் செய்ததில் எந்தக் குறையும் இல்லை என்று நோயாளியாகிய நானே எழுதிக் கையெழுத்திடுகிறேன். இப்போது என் வீட்டு மாடிப்படியைக் கைத்தடியோடு ஏறுகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை முதல் தரையில் அமர்ந்து வீணையை மடியில் வைத்து வாசிக்கிறேன். இடது தொடைமேல் வீணையின் சுரைக்காய் அமர்ந்தபோது சற்று வலித்தது. சந்தோஷம் வலியைவிட அதிகமாக இருந்தது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

அ) என் சார்பில் தரப்பட்ட இரு புகார்களையும், நோயாளியின் இந்த வாக்குமூலத்தை ஏற்று, முடித்துவைக்க வேண்டும்.

ஆ) சுற்றறிக்கையில் "மணி வகைகள்" என்ற இடத்தில் "நோயாளிகள் அணியும்" என்ற இரு சொற்களைச் சேர்த்து, மருந்து மணிகளுக்கு அது பொருந்தாது என்று ஒரு வரி எழுத வேண்டும். இதற்கு விசாரணைக் குழு கூடவேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன். தங்கள் பேனா போதும்.

இ) அந்த வரி 20-ஆம் தேதிக்கு முன்பே மருந்துக் கிடங்குக்குப் போய்ச் சேரவேண்டும். மற்றவை எல்லாம் தாமதமானாலும் எனக்கு வருத்தமில்லை. இது ஒன்று தாமதமாகக் கூடாது. இல்லாத மாலை கிடைக்கும்வரை, இருக்கிற கால் காத்திருக்க முடியாது.

என்னை நேரில் விசாரிக்க விரும்பினால் தனியாக அழைப்பு அனுப்ப வேண்டாம். வியாழக்கிழமை காலை நான் அங்கேதான் இருப்பேன். அஸ்மத்துன்னிசா அவர்களின் ஸ்ட்ரெச்சரோடு அரங்க வாசல்வரை நடந்து வருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தங்கள் அறை அந்த வழியில்தான் இருக்கிறது. கதவைத் திறந்து ஒரு நிமிடம் பாருங்கள், ஐயா. தங்கள் மருத்துவர் சரிசெய்த கால் நடந்து போவது தெரியும். பக்கத்தில் படுத்துக்கொண்டு போகிறவருக்கும் அப்படி ஒரு கால் வேண்டும்.

இடம்: மந்தைவெளி, சென்னை
தேதி: 12.11.2025

தங்கள் மருத்துவமனையின் நன்றியுள்ள நோயாளி,
(ஒப்பம்)
சூடாமணி

இணைப்பு: எக்ஸ்ரே படங்களின் நகல்கள், இரண்டு.